அந்த வெள்ளை இழை எதனால் ஆனது?

கோடை பிறந்தால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஃபில்டர் சர்வீஸுக்குக் கிராக்கி கூடிவிடும். வருகிற டெக்னீஷியன், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைத் தம்ளரில் நனைத்து, எண்ணைக் காட்டி, "மெம்பரேன் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆர்.ஓ. மெம்பரேனுக்கு அந்த எண் ஓரளவு சாட்சி. யு.எஃப். எனப்படும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் மெம்பரேனுக்கு அது சாட்சியே அல்ல. யு.எஃப். உப்பைப் பிடிக்காது, கலங்கலையும் கிருமியையும்தான் பிடிக்கும். உள்ளே நாலு இழை முறிந்து கிடந்தாலும் மீட்டரில் அதே எண்தான் வரும்.

எந்த ஃபில்டர் வேண்டும் என்பது வீட்டுக்கு வரும் தண்ணீரைப் பொறுத்தது. சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்குகிறது. 2024-இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. தென்சென்னைக் குழாய்களில் அந்தத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஓடுகின்றன. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. மெட்ரோ வாட்டர் அந்த அளவுக்குள் வரும் வீட்டில், பாதித் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும் ஆர்.ஓ. எதற்கு? யு.எஃப். போதும் என்பதுதான் என் கட்சி. போர் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்கு ஆர்.ஓ. இல்லாமல் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போதும் என்றால், அந்த மெம்பரேன் உழைக்க வேண்டும். மந்தைவெளி வீடு ஒன்றில் கழற்றிப்போட்ட யு.எஃப். கேட்ரிட்ஜை அறுத்துப் பார்த்தேன். சேமியாக் கட்டுபோல வெள்ளை இழைகள். ஒவ்வொன்றும் நடுவில் துளையுள்ள குழல். ஒரு முனையைப் பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். வெளிப்புறமெங்கும் விரலில் வழுக்கும் பழுப்புப் பாசி. புது இழையை விரலில் சுற்றினால் வளைந்துகொடுக்கிறது. இந்தப் பழைய இழை பாதி வளைவதற்குள் 'டக்'கென்று முறிந்தது.

முறிவும் பாசியும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கக்கூடும். பாலிசல்போன், பாலிஈதர்சல்போன் ஆகிய பிளாஸ்டிக்குகள் சூட்டையும் அமிலத்தையும் தாங்கும். ஆனால் அவற்றுக்குத் தண்ணீர் ஆகாது. அவற்றின் மேல் விட்ட சொட்டு எளிதில் பரவாமல் குவிந்து நிற்கும். அப்படிப்பட்ட பரப்பில் எண்ணெய்ப்பசையும் கிருமிப்படலமும் சீக்கிரம் ஒட்டி, துளைகளை அடைத்துவிடும். 1960 வாக்கில் அமெரிக்காவில் உப்புநீக்கத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த செல்லுலோஸ் அசிடேட் இதற்கு நேர்மாறு. தண்ணீரை நன்றாக இழுக்கும். ஆனால் காரத்தில் சிதையும், நுண்ணுயிர்கள் அதையே தின்னும். இரண்டையும் கலந்தால் என்ன என்பதுதான் கிண்டி அண்ணா பல்கலைக்கழக ஆய்வகங்கள் உட்படப் பல இடங்களில் ஆராயப்பட்ட கேள்வி. பாலிமர்களைக் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்துத் தண்ணீரில் முக்குகிறார்கள். தெளிவாக இருந்த கூழ் கண்ணெதிரே வெளுத்துத் தாளாக இறுகுகிறது. அந்தத் தாளில் சொட்டு விட்டு அது தாளைத் தொடும் கோணத்தை அளக்கிறார்கள்; கீற்றாக வெட்டி, அறும்வரை இழுத்துப் பார்க்கிறார்கள். தண்ணீரை விரும்பும் சரக்கைக் கூட்டினால் பாய்ச்சல் கூடும். பொதுவாக வலு குறையும். உள்ளே பெரிய பொந்துகள் விழுவதும் அதற்கு ஒரு காரணம். எவ்வளவு கலப்பது என்பதில்தான் சூட்சுமம்.

வீட்டு ஃபில்டர் இழைகளில் அடிப்படைப் பிளாஸ்டிக்கோடு பெரும்பாலும் சேர்ப்பது பி.வி.பி. என்கிற, தண்ணீரில் கரையும் பாலிமர். என் கவலை அங்கேதான். குளோரின் அந்த பி.வி.பி.யைத் துண்டு துண்டாக்கிக் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு இழை தண்ணீரை வெறுக்கும் பழைய குணத்துக்குத் திரும்பும்; போகப் போக நொறுங்கும் தன்மையும் வரும். நம் குடியிருப்புகளில் சம்ப் கழுவுகிறவர் பிளீச்சிங் பவுடரைக் கையால் அள்ளிப் போடுகிறார். அளவு பார்ப்பவர் யார்? மெம்பரேனுக்கு முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரினைப் பிடிக்கும்தான். ஒன்றரை வருஷம் மாற்றாத கார்பன் எதைப் பிடிக்கும்? வீட்டுத் தண்ணீரில் உள்ள குளோரினால் மெம்பரேனுக்கு ஒன்றும் ஆகாது என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். சம்ப் கழுவிய மறுநாள் அடையாறு குழாயில் வந்த நெடியை முகர்ந்தவள் நான். அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட உறுத்துவது, பெட்டியில் எந்தத் தகவலும் இல்லாதது. தி.நகர் கடைகளில் பல கேட்ரிட்ஜ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனை அடுக்கு வடிகட்டல் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இழை எந்தப் பாலிமர், எவ்வளவு குளோரின் தாங்கும் என்று நான் பார்த்த எதிலும் இல்லை. மருந்துப் பெட்டியில் உட்பொருள் போடாவிட்டால் வாங்குவோமா? குடிக்கிற தண்ணீர் கடந்து வரும் பொருளுக்கும் அதே விதி வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. வாங்கும்போது இழை எந்தப் பொருள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். கார்பனைத் தேதி குறித்துவைத்து மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கேட்ரிட்ஜை உலரவிடாதீர்கள். காய்ந்த துளைகள் மறுபடி எளிதில் நனையாது. சம்ப் கழுவும் நாளில் ஃபில்டருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, குளோரின் நெடி போனபிறகே திறங்கள்.