தொட்டில் வீடு தேடுவோருக்கு

முன்பெல்லாம் சங்கத்தின் பொங்கல் விழாவிலோ மாதக் கூட்டத்திலோ என்னைக் கண்டால் நம்மவர்கள் ரிசர்வேஷனைப் பற்றித்தான் கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் எமர்ஜென்ஸி கோட்டாவை நான் சட்டைப் பையில் வைத்திருப்பதாக ஒரு நம்பிக்கை! இப்போது இளம் தம்பதிகள் கேட்பது வேறு. "மாமா, குழந்தையைப் பகலில் விட நல்ல இடமாகத் தெரியுமா? கட்டுப்படியாகிற மாதிரி இருக்க வேண்டும்." சென்ற ஆண்டு என் பேத்திக்காக நானும் என் மனைவியும் டோம்பிவிலி முழுக்க அலைந்தது எப்படியோ பரவிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று ஆசிரியர் சொன்னார். நான் பார்த்தது டோம்பிவிலிதான் என்றாலும் புனாவிலோ நாக்பூரிலோ இருக்கும் அன்பர்களுக்கும் இதில் பயன்படுவது ஏதேனும் இருக்கும்.

முதலில் கட்டணத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். என் மருமகளுக்கு வேலை கோட்டைப் பகுதியில். காலை 7.40க்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப இரவு 7.45 ஆகும். மகனுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி.க்கு விரைவு லோக்கலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல்; பிறகு நடை. ஆக, குழந்தைக்கு ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குத் துணை வேண்டும். வாசலில் கரடி பொம்மை வரைந்து, ஏ.சி. வைத்து, பெயரில் 'இன்டர்நேஷனல்' சேர்த்துக்கொண்ட பிளே ஸ்கூல் மூன்று மணி நேரம் நடக்கிறது. மீதி ஒன்பது மணி நேரம்? "டே கேர் தனி, அதற்குத் தனிக் கட்டணம், மாலை ஆறரைக்குமேல் மணிக்கு இவ்வளவு" என்று ஒரு அச்சடித்த தாளை நீட்டுகிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மாதம் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிப்பட்ட ஓரிடத்தில் சேர்க்கைக் கட்டணம் கட்டி, பத்தே நாளில் குழந்தையை நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ரசீதின் பின்பக்கத்தைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

அலுவலகத்திலேயே காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2017-ல் திருத்தப்பட்ட பேறுகால நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இடம்பெற்றிருக்கிறது. ஆகவே உங்கள் நிறுவனத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் மும்பைக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். காலை எட்டு மணி லோக்கலில் பெரியவர்களே ஒற்றைக் காலில் நிற்கும்போது, ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டை வரை போக முடியுமா? மகளிர் மட்டும் பயணம் செய்யும் லோக்கலை மேற்கு ரயில்வே 1992-லேயே விட்டது. அதிலும் கைக்குழந்தையோடு ஏறும் அலுவலகப் பெண்ணை நான் பார்த்ததில்லை. இந்த ஊரில் காப்பகம் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். நகரத்தின் குறுக்களவு சிறிதாக இருக்கும் ஊர்களில் இந்தக் கணக்கு மாறலாம்.

அடுத்து நம்மவர்கள் எல்லோரும் நினைப்பது ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ வரவழைப்பது. செலவில்லாத ஏற்பாடு என்று பெயர். எங்கள் சம்பந்தியம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான்கு மாதம் வந்திருந்தார்கள். என் மனைவிக்கு முட்டி வலி. ஓடும் குழந்தையின் பின்னால் ஓட முடியாது. ஆகவே பாரம் முழுதும் அந்த அம்மாள் மேல்தான். ஒரு நாள் மாலை என்னிடம் மெல்லச் சொன்னார்கள்: "பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு இல்லையே அண்ணாச்சி. பிள்ளை தூங்கிட்டா ஜன்னல்ல நின்னு ரயிலத்தான் எண்ணிக்கிட்டு கெடக்கேன்." ஊரில் வயல், கோயில், தெரு முழுக்க உறவு என்றிருந்தவர். இங்கே கதவைத் திறந்தால் தெரியாத மொழி. சர்க்கரை மாத்திரையை வேளைக்குச் சாப்பிட மறந்து, ஒரு தரம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நல்லவேளை, அப்போது குழந்தை தரையில் இருந்தது. பாட்டி வரட்டும், ஆசையாக இருக்கட்டும், கதை சொல்லட்டும். அறுபத்தைந்து வயதில் பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி போடுவது நியாயமில்லை. ரயில்வேயில் திடகாத்திரமான டிரைவருக்குக்கூட நாங்கள் அப்படிப் போடுவதில்லை.

இனி எங்களுக்குக் கிடைத்த வழியைச் சொல்கிறேன். மராத்திக்காரர்கள் வெகுகாலமாகவே 'பாள்ணாகர்' என்று ஒன்று நடத்துகிறார்கள். பாள்ணா என்றால் தொட்டில், தொட்டில் வீடு. ஒரு குடும்பத்தலைவி தன் வீட்டின் முன்னறையில் ஐந்தாறு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வார். போர்டு கிடையாது. இருந்தாலும் படிக்கட்டில் ஒட்டிய ஒரு துண்டுத் தாள்தான். பால்காரரையும் இஸ்திரிக்காரரையும் கேட்டால் எந்தக் கட்டடத்தில் என்று சொல்வார்கள். நாங்கள் ஒன்பது வீடுகளைப் பார்த்தோம். கல்வா கார் ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

நான் பார்த்தது குளியலறையில் நிரப்பி வைத்த டிரம். டோம்பிவிலியில் தண்ணீர் வராத நாளுக்காக எல்லோர் வீட்டிலும் பக்கெட், டிரம் என்று நிறைத்து வைப்பார்கள். தவழும் குழந்தைக்கு அரை பக்கெட் தண்ணீரே போதும், ஆபத்துக்கு. குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கத்தில் உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா? ஜன்னல் கம்பிகளின் இடைவெளியில் தலை நுழையுமா? தரையை ஒட்டிய பிளக் பாயின்ட்டுகள் மூடியிருக்கின்றனவா? சமையலறைக்குள் குழந்தை போகாதபடி தடுப்பு உண்டா? பகலில் அந்த வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள்? இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும். நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு தரம் சொல்லிவிட்டுப் போனால், இரண்டாம் தரம் சொல்லாமல் பகல் ஒன்றரை மணிக்குப் போய் மணியை அடியுங்கள். மூன்று வீடுகளில் குழந்தைகள் வரிசையாக டி.வி.க்கு எதிரே உட்கார்ந்திருந்தன. ஒரு வீட்டில் பதினாறு குழந்தைகளுக்கு ஒரே ஒரு அம்மாள். அவருக்கு மனசு இருந்தாலும் கை இரண்டுதானே?

கடைசியில் தேர்ந்தெடுத்தது எங்கள் தெருவிலேயே நான்காவது கட்டடம். அறை பழசு; சுவரில் கிறுக்கல். காக்கு என்று எல்லோரும் அழைக்கிறார்கள். உதவிக்கு அவருடைய தங்கை. இருவருக்கும் சேர்த்து ஆறு குழந்தைகள். "ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. அவர் 2005 ஜூலை 26-ஐச் சொன்னார். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, தண்டவாளம் மூழ்கி, வண்டிகள் வழியிலேயே நின்ற நாள். அன்றிரவு ஏழு குழந்தைகள் அவர் வீட்டிலேயே தூங்கின. மறுநாள்தான் பெற்றோர் ஒவ்வொருவராக நடந்தே வந்து சேர்ந்தார்கள். அதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லையாம். நான் அன்று ஷெட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரவு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வேறு கேள்வி கேட்கவில்லை.

மாதம் 4,500 ரூபாய் கொடுக்கிறோம். சாப்பாடு நாங்கள் கட்டித் தருகிறோம். கணபதி பூஜைக்கு ஐந்து நாள், தீபாவளிக்கு ஐந்து நாள், காக்குவுக்கு உடம்பு சரியில்லாத நாள் என்று அவருக்கும் விடுமுறை உண்டு. அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கொண்டு வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். மற்றக் குழந்தைகளை நினைத்தால் அது சரியான சட்டம். அந்த நாளில் லீவு போடுவது யார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தரம் மகன், ஒரு தரம் மருமகள்.

நம் அன்பர் ஒருவர் என்னிடம், "ஸார், அவ சம்பளத்துல பாதி இதுக்கே போயிடுது, பேசாம வேலையை விட்டுடலாமே?" என்றார். ஏன் அவள் சம்பளத்தில் கழிக்கிறீர்கள்? குழந்தை இருவருக்கும்தானே? இருவர் சம்பளத்தையும் கூட்டி அதில் கழித்துப் பாருங்கள். வேலையை விட்டால் போவது இந்த மாதச் சம்பளம் மட்டும் அல்ல, பி.எஃப்., இன்கிரிமென்ட், சீனியாரிட்டி எல்லாம் போகும். மூன்று வருடம் கழித்துத் திரும்பப் போனால் பழைய இடம் கிடைப்பதில்லை. காப்பகச் செலவு ஐந்தாறு வருடம்தான்.

மத்திய அரசு ஊழியர்கள், குறிப்பாக நம் ரயில்வேக் குடும்பத்துப் பிள்ளைகள், தங்களுக்கு உள்ளதையே பயன்படுத்தாமல் இருக்கிறார்கள். பெண் ஊழியருக்கு 18 வயதுக்குட்பட்ட முதல் இரண்டு குழந்தைகளுக்காகப் பணிக்காலம் முழுதும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 2008 முதல் உண்டு. மனைவியை இழந்தோ பிரிந்தோ தனியாகக் குழந்தையை வளர்க்கும் ஆண்களுக்கும் 2018-ல் அது வந்தது. குழந்தைகள் கல்விப் படி 2024 ஜனவரி முதல் குழந்தை ஒன்றுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு ஆயிற்று. ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய மழலை வகுப்புகளுக்கும் அதைக் கேட்கலாம். கேந்திரிய வித்யாலயாக்கள் சிலவற்றில் 2022-23 முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் 'பால்வாடிகா' வகுப்புகள் நடக்கின்றன. அங்கும் சில மணி நேரம்தான். மீதிப் பொழுதுக்குத் தொட்டில் வீடு வேண்டும்.

வருமானம் குறைந்த குடும்பங்கள் நம் சங்கத்திலும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் (2009) தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை அவர்களுக்கு ஒதுக்குகிறது. விண்ணப்பம், குலுக்கல் எல்லாம் இணையதளம் வழியே. தேதி தவறினால் ஒரு வருடம் போயிற்று. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்குச் சங்கத்து இளைஞர்கள் உட்கார்ந்து நிரப்பித் தர வேண்டும்.

அங்கன்வாடி என்றால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம். எடை பார்ப்பது, தடுப்பூசி, சத்துணவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஆரம்பக் கல்வி, எல்லாம் இலவசம். அந்தப் பெயருக்கே மூலம் நம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. தஹாணு தாண்டிக் கோல்வட் ஸ்டேஷனில் இறங்கினால் போர்டி கிராமம். தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945-ல் அங்கே வேலையைத் தொடங்கினார். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று ஆதிவாசிகளின் வீட்டு முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். அங்கன் என்றால் முற்றம். விலை உயர்ந்த மாண்டிசோரி சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை. மத்திய அரசின் குழந்தைகள் காப்பகத் திட்டமோ 6 மாதம் முதல் 6 வயது வரை, நாளைக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் என்று அமைந்தது. 2017 விதிப்படி வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் மாதம் 20 ரூபாய், அதிகபட்சம் 200. 2022-ல் அதற்குப் 'பால்னா' என்று பெயர் மாற்றி, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களையும் இணைத்தார்கள். உங்கள் பேட்டையில் ஒன்று இருக்கிறதா என்று அங்கன்வாடிப் பணியாளரையே கேளுங்கள். நன்றாக நடப்பதும் உண்டு, பூட்டிக் கிடப்பதும் உண்டு. நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வயதில் ஏ, பி, சி, டி எழுதவில்லையே என்று தவிக்கும் தாய்மாரைப் பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்று 2020 கல்விக் கொள்கையே சொல்லிவிட்டது. என் பேத்தி காக்கு வீட்டில் பட்டாணி உரிக்கிறாள், டப்பா மூடிகளை அளவுப்படி அடுக்குகிறாள், மராத்திப் பாட்டு பாடுகிறாள். அவள் முதலில் சொன்ன வார்த்தைகளில் ஒன்று 'பாணி'. என் மனைவிக்கு ஒரு வாரம் வருத்தம். வருத்தப்பட ஒன்றுமில்லை. இரவில் வீட்டில் நாங்கள் தமிழில்தான் பேசுகிறோம். இப்போது என்னிடம் 'தண்ணி' என்றும் காக்குவிடம் 'பாணி' என்றும் கேட்கிறாள். ஒரு நாளும் மாற்றிக் கேட்டதில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. 1969-ல் மீரா மகாதேவன் என்ற பெண்மணி தில்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே, புழுதியில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளுக்காகக் காப்பகம் தொடங்கினார். அதுவே மொபைல் கிரஷஸ் அமைப்பானது. நமக்கோ மின்விசிறியும் தண்ணீரும் உள்ள ஹால் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் பூட்டித்தான் கிடக்கிறது. முழு நாள் காப்பகம் என்பது பெரிய பொறுப்பு. எடுத்த எடுப்பில் வேண்டாம். முதலில் பேட்டைவாரியாகத் தொட்டில் வீடுகளை நாலு பேர் நேரில் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் தயாரிப்போம். காக்குக்கள் விடுமுறை எடுக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு மட்டும் ஹாலைத் திறந்து வைத்தால், லீவு கிடைக்காத எத்தனையோ பேருக்கு உதவும். ஓய்வு பெற்றவர்கள் இருவரும், சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆயா இருவரும் இருந்தால் பத்துக் குழந்தைகளைச் சமாளிக்கலாம். கணபதி பூஜைக்கு முன் ஒரு ஞாயிறு காலை ஹாலுக்கு வந்தால், குளியலறைத் தாழ்ப்பாளையும் ஜன்னல் கம்பியையும் நானே அளந்து தருகிறேன்.