மேபேங்க் பங்கு வாங்கலாமா? இலாப ஈவுக்குப் பின்னால் உள்ள கணக்கு

செலண்டார், ஆசஹான், நியாலாஸ் வட்டாரத் தோட்டங்களில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெறும் கணவன் மனைவிக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் ஊழியர் சேமநிதிப் பணம் மட்டுமே. அதை எங்கே வைப்பது என்ற பேச்சு வரும்போது, "மேபேங்க் பங்கு வாங்கிப் போடுங்கள், வருசத்துக்கு ஆறு விழுக்காடு கிடைக்கும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஆறு விழுக்காடு எப்படி வருகிறது, எப்போது குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

மேபேங்க் 2024ஆம் ஆண்டுக்கு ஒரு பங்குக்கு 61 சென் இலாப ஈவு கொடுத்தது. ஆண்டுக்கு இருமுறை, 29 சென், 32 சென் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கணக்குக்கு எளிதாக, பங்கின் விலை 10 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். 10 வெள்ளிக்கு 61 சென் என்றால் 6.1 விழுக்காடு. அதே பங்கு 8 வெள்ளிக்கு இறங்கினால் அதே 61 சென் 7.6 விழுக்காடாகத் தெரியும். வங்கி ஒரு காசுகூட அதிகம் தரவில்லை. விலை விழுந்ததால் விழுக்காடு ஏறிவிட்டது. அதனால் விழுக்காடு மிக உயரமாக இருக்கும் பங்கைக் கண்டால் முதலில் வரவேண்டியது சந்தேகம். அடுத்த ஆண்டு இந்த ஈவு குறையும் என்று சந்தை முன்கூட்டியே நினைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈவுக்கான உரிமை நீங்கும் தேதிக்கு முந்திய நாள் பங்கை வாங்கி, ஈவை வாங்கிக்கொண்டு விற்றுவிடலாம் என்றும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஈவுக்கான உரிமை நீங்கும் அன்று காலையில் பங்கின் விலையிலிருந்து ஏறக்குறைய அந்த ஈவுத் தொகை கழிந்துவிடும். 32 சென் கையில் வரும், 32 சென் விலையில் போகும், தரகுக் கட்டணம் மட்டும் மிச்சச் செலவு.

அடுத்து பார்க்க வேண்டியது, இலாபத்தில் எத்தனை பங்கை வங்கி பிரித்துக் கொடுக்கிறது என்பது. மேபேங்கின் கணக்கு இதற்கு நல்ல பாடம். 2019இல் அதன் நிகர இலாபம் சுமார் 820 கோடி வெள்ளி. ஈவு 64 சென். 2024இல் நிகர இலாபம் சுமார் 1,009 கோடி வெள்ளி. ஈவு 61 சென். இலாபம் 23 விழுக்காடு கூடியும் ஒரு பங்குக்கான ஈவு 3 சென் குறைந்திருக்கிறது. ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று, பங்குகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது. மேபேங்க் 2010இல் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. ஈவின் ஒரு பகுதியை ரொக்கமாக வாங்காமல் புதிய பங்காக வாங்கிக்கொள்ளலாம். பார்க்க இலவசப் பங்குபோல் இருக்கும். ஆனால் ஒரே கேக்கைக் கூடுதல் துண்டுகளாக வெட்டுவது போலத்தான் அது. ரொக்கமாகவே வாங்கிக்கொண்டவரின் துண்டு சிறிதாகிவிடும். இதனால் இலாபம் 23 விழுக்காடு கூடியபோதும், ஒரு பங்குக்கான இலாபம் ஏறக்குறைய 73 சென்னிலிருந்து 84 சென்னுக்குத்தான் ஏறியது. இரண்டாவது, 2019இல் ஒவ்வொரு வெள்ளி இலாபத்திலும் 87 சென்னைப் பிரித்துக் கொடுத்த வங்கி, 2024இல் 73 சென்னை மட்டுமே கொடுத்தது.

ஈவை நம்பி வாழப்போகிறவருக்கு இந்த இரண்டாவது எண் முக்கியம். குறைவாகக் கொடுப்பது கஞ்சத்தனம் அல்ல. இலாபம் கொஞ்சம் சரிந்தாலும் ஈவை அப்படியே காப்பாற்ற இடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கொரோனா ஆண்டான 2020இல் இலாபம் 648 கோடிக்குச் சரிந்தபோது, மேபேங்க் இலாபத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கொடுத்தும் ஈவு 52 சென்னுக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் 12 சென் குறைவு. பத்தாயிரம் பங்கு வைத்திருந்தவருக்கு அது 1,200 வெள்ளி. மாதா மாதம் மருந்து வாங்குகிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகையல்ல.

பங்கின் விலை நியாயமானதா என்பதற்கு வங்கிகளைப் பொறுத்தவரை சொந்த மூலதனக் கணக்கே நல்ல அளவுகோல். வங்கியின் எல்லாக் கடமைகளையும் கழித்தபின் ஒரு பங்குக்கு 8 வெள்ளி மிஞ்சுகிறது, அந்த 8 வெள்ளியில் வங்கி ஆண்டுக்கு 11 விழுக்காடு சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 88 சென். அந்தப் பங்கை 10 வெள்ளிக்கு வாங்குகிறவருக்கு அது 8.8 விழுக்காடு சம்பாத்தியம். 16 வெள்ளிக்கு வாங்கினால் 5.5 விழுக்காடுதான். வங்கி அதே வங்கி. கொடுத்த விலைதான் வேறு. அப்படியானால் 4 வெள்ளிக்குக் கிடைத்தால் அள்ளிக்கொள்ளலாமா? அவசரம் வேண்டாம். அந்த 8 வெள்ளி என்பது கடன் வாங்கியவர்கள் எல்லாரும் திருப்பிக் கட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட எண். கட்டாவிட்டால் அது கரையும்.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு அதுதான் நடந்தது. பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் திரும்பி வராமல், 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டம். 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் நான்கில் ஒரு பங்கு வாராக்கடன். அந்த ஆண்டு நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி அதைச் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்துடன் இணைத்தது. பணம் போட்டு வைத்தவர்களின் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களின் பங்கு முழுவதும் ரத்தாகி, மதிப்பு சுழியமானது. பல தலைமுறையாகப் பங்கு வைத்திருந்த குடும்பங்களுக்கும் அதே கதி.

மேபேங்க் அந்த நிலையில் இல்லை. இரண்டையும் ஒப்பிடுவதே தகாது. ஆனால் வங்கியில் போடும் பணமும் வங்கிப் பங்கும் ஒன்றல்ல என்பது இங்கேயும் பொருந்தும். மலேசியாவில் வைப்புத்தொகைக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பிடிம் காப்புறுதி உண்டு. பங்குக்கு அது கிடையாது. பங்கு என்றதும் நம்மவர்களில் மூத்தவர்களுக்கு 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ்தான் நினைவுக்கு வரும். தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து போட்ட பணம் சந்தைப் பட்டியலுக்கே வராமல் பல ஆண்டுகள் முடங்கி, 2010இல் ஒரு பங்குக்கு 80 சென் தருவதாக வந்த விலைகோரலில் போய் முடிந்தது. புர்சாவில் உள்ள வங்கிப் பங்கை எந்த வேலைநாளிலும் விற்கலாம் என்ற அளவுக்கு இது மேல். விற்கும் நாளில் என்ன விலை இருக்கும் என்பதுதான் கேள்வி.

இனி ஒப்பீடு. ஊழியர் சேமநிதி வாரியம் 2024க்கு அறிவித்த ஈவு 6.30 விழுக்காடு. 10 வெள்ளி விலையில் மேபேங்க் தந்தது 6.1. சேமநிதியில் முதல் குறையாது. வழக்கமான கணக்குக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு உத்தரவாதமும் உண்டு. 55 வயதானதும் முழுப் பணத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டாயமில்லை. விட்டுவைத்தால் 100 வயது வரை ஈவு சேரும்; வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அதை வெளியே எடுத்துப் பங்கில் போடுகிறவர், விலை ஏறும் என்ற எதிர்பார்ப்புக்காகத்தான் அப்படிச் செய்கிறார், ஈவுக்காக அல்ல. பத்து ஆண்டுகள் தொடத் தேவையில்லாத பணம் உள்ள பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம். பெற்றோரின் கடைசிச் சேமிப்புக்குப் பொருந்துவது அரிது.

இன்னொன்றும் உண்டு. சேமநிதியில் வாரிசின் பெயரை எழுதி வைக்கலாம்; உறுப்பினர் இறந்தால் பணம் நேராக அவருக்குப் போகும். பங்குகள் இருக்கும் சிடிஎஸ் கணக்கில் அந்த வசதி இல்லை. கணவர் பெயரில் மட்டும் பங்கு இருந்து அவர் இறந்துவிட்டால், உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனைவி நீதிமன்றத்தின் வழியாகவோ அமானா ராயா வழியாகவோ உத்தரவு பெற்ற பிறகே அந்தப் பங்குகளைத் தொட முடியும். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் கணக்கு எண்ணையும் தரகு நிறுவனத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்து வைப்பது நல்லது.