இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும்

மோட்டார் வண்டியால் இழுத்துச் செல்லப்படும் வண்டியை, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லர் என்று குறிப்பிடுகிறது. மேலைநாடுகளில் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போகும் கேரவன் என்னும் நடமாடும் வீடும், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் நெல்லும் வைக்கோலும் செங்கலும் ஏற்றிக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் வரும் பெட்டியும் இவ்வகையில் ஓரினத்தைச் சேர்ந்தவை. செட்டிநாட்டுச் சாலைகளில் இழுபடும் கேரவனைக் காண்பது அரிது. டிராக்டர் பெட்டியைக் காணாத நாளோ கிடையாது. ஆகவே, இழுவை வண்டியைப் பாதுகாப்பாகவும் பிறருக்கு இடைஞ்சல் இல்லாமலும் ஓட்டுவது எப்படி என்ற கேள்வி, இப்பகுதியைப் பொறுத்தவரை டிராக்டரைப் பற்றிய கேள்வியே ஆகும்.

இழுக்க முடிந்த பாரம் வேறு, நிறுத்த முடிந்த பாரம் வேறு என்பதே இதன் அடிப்படை. டிராக்டர் எஞ்சின், குறைந்த வேகத்தில் மிகுந்த இழுவிசையைத் தருவதற்கென்றே அமைக்கப்பட்டது என்பதால், டிராக்டர் தன்னைவிடப் பலமடங்கு கனமான பாரத்தையும் சமதளத்தில் எளிதாக இழுத்துவிடும். ஆனால் பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு, உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் பெட்டிகள் பலவற்றில் அதுவும் இல்லை. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்கும் ஒரு நொடிக்குள்ளேயே 11 மீட்டரைக் கடந்துவிடுகிறது. பிரேக் இல்லாத கோயில் தேரை வடம் பிடித்து இழுக்கும்போது, அதை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வருவதை ஊரார் அறிவர். பெட்டியை இழுக்கும் ஓட்டுநருக்கு அத்தகைய துணை இல்லை என்பதால், அந்த வேலையை வேகக் குறைப்பும் இடைவெளியுமே செய்தாக வேண்டும்.

டிராக்டரின் பிரேக் அமைப்பில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடப்பக்கச் சக்கரத்துக்கும் தனித்தனி மிதிகள் அருகருகே இருக்கும். வயலில் உழும்போது ஒரு பக்க மிதியை மட்டும் அழுத்தினால், அந்தப் பக்கத்துச் சக்கரம் நின்று வண்டி குறுகிய இடத்தில் திரும்பிவிடும். சாலைக்கு வரும்போது இரண்டு மிதிகளையும் இணைக்கும் சிறு தகட்டை மாட்டிவிட வேண்டும். மாட்ட மறந்து, அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், டிராக்டர் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு திரும்ப, பின்னால் வரும் பாரம் அதை மேலும் தள்ளிக் கவிழ்த்துவிடும். வயலிலிருந்து சாலையில் ஏறுமுன் இந்தத் தகட்டைப் பார்ப்பதற்குச் சில நொடிகளே போதும்.

பாரத்தை ஏற்றும் முறையும் பிரேக்குக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. இரண்டு சக்கரப் பெட்டியில் அச்சுக்குப் பின்னால் சுமை மிகுந்தால், பெட்டியின் முன்பகுதி மேலெழுந்து டிராக்டரின் பின்சக்கரங்களைத் தூக்க முனையும். அதனால் சாலையில் பிடிப்புக் குறையும். முன்புறம் அளவுக்கு மீறினால் கொக்கியின் மேல் எடை கூடி, டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங் கட்டுப்படாமல் போகும். எனவே கனமான மூட்டைகளை அடியிலும் அச்சுக்குச் சற்று முன்னாலும் அடுக்குவதும், பெட்டியை இழுவைக்கென உள்ள தாழ்வான கொக்கியில் மட்டுமே மாட்டுவதும், கொக்கிப் பின் கழன்றுவிடாதபடி பூட்டுக் கம்பி செருகி, கூடுதலாக ஒரு சங்கிலியால் பிணைப்பதும் அவசியம். பிரிட்டனில் பிரேக் பொருத்திய கேரவன்களில், வண்டி அறுந்து பிரிந்தால் தானாகவே பிரேக் பிடிக்கச் செய்யும் கம்பிவடம் இருக்கும். கொக்கி கழன்றாலும் வண்டி கட்டுப்பாடின்றி ஓடிவிடக்கூடாது என்பதே சங்கிலிக்குப் பின்னால் உள்ள கருத்தும்.

கேரவன் ஓட்டுவோர் அஞ்சும் மற்றோர் ஆபத்து, வேகம் கூடும்போதோ பெரிய லாரி கடந்து செல்லும்போதோ இழுபடும் வண்டி பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்குவது. அப்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஆட்டத்தைச் சரிசெய்ய முயல்வதும் நிலைமையை மோசமாக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறையவிடுவதே வழி. பிரிட்டனில் கேரவன் இழுக்கும் கார்கள் நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது என்று வரம்பு விதித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செட்டிநாட்டு நிலப்பரப்பு இந்த ஆபத்துகளுக்குத் தனி வடிவம் தருகிறது. மானாவாரி நிலமான இங்கே ஊர்களுக்கிடையேயான சாலைகள் பல கண்மாய்க் கரைகளின் மேல் செல்கின்றன. கரை குறுகலானது, இருபுறமும் சரிவானது, உபரிநீர் வழிந்தோடும் கலுங்கு இருக்கும் இடத்தில் சாலை திடீரென இறங்கி ஏறுவது. பாரத்தோடு இந்த இறக்கத்தில் நியூட்ரலில் உருளவிட்டால், எஞ்சினின் கட்டுப்பாடு இல்லாத டிராக்டரைப் பெட்டி பின்னாலிருந்து தள்ளி, கொக்கி இருக்கும் இடத்தில் இரண்டும் மடங்கிக்கொள்ளும். இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறிவிடுவதும், எதிரே வண்டி தெரிந்தால் கரை ஏறாமல் அகலமான இடத்திலேயே காத்திருப்பதும் இப்பகுதியின் எழுதப்படாத சாலை விதிகளாக இருக்கத்தக்கவை.

தை மாதத்தில் இந்தச் சிக்கல் உச்சத்தை அடைகிறது. நெல் அறுவடை முடிந்து வைக்கோல் பாரங்கள் நகரும் அதே நாள்களில், தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் காவடிகளும் பாதயாத்திரையினரும் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கின்றனர்; வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடப்போர் பலர். பெட்டியைவிட அகலமாகப் பிதுங்கி நிற்கும் வைக்கோல் பின்விளக்கையும் சிவப்புப் பிரதிபலிப்பானையும் மறைத்துவிடுவதோடு, சாலை ஓரத்தில் நடப்பவரை உரசித் தள்ளவும் செய்கிறது. பாரம் பக்கவாட்டில் வரம்பு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. அபராதத்தைவிட முக்கியமானது, டிராக்டரின் முகப்பு விளக்கைக் கடந்த பின் ஆபத்து நீங்கியது என்று எண்ணி நடப்பவருக்கு, அதைவிட அகலமான பாரம் பின்னால் வருவது இருளில் தெரியாது என்பதாகும். பாரத்தின் பின்முனையிலும் பக்க முனைகளிலும் ஒளிரும் பட்டைகளைத் தொங்கவிடுவதும், யாத்திரைப் பாதையில் இரவில் வைக்கோல் ஏற்றாமல் இருப்பதும் அதிகச் செலவில்லாத தீர்வுகள்.

வளைவில் திரும்பும்போது பெட்டியின் சக்கரங்கள் டிராக்டரின் தடத்தில் வராமல் உட்புறமாகக் குறுக்கே வெட்டிச் செல்லும் என்பதால், தெருமுனையில் சற்று முன்னேறிச் சென்ற பிறகே திருப்ப வேண்டும். இல்லையேல் முனையில் நிற்கும் இருசக்கர வண்டியோ குழந்தையோ சக்கரத்தில் சிக்கும். பின்னோக்கி எடுக்கும்போது பெட்டி ஸ்டீயரிங்குக்கு எதிர்த் திசையில் திரும்பும். அப்போது வழிகாட்டுபவர் இரண்டு வண்டிகளுக்கும் இடையில் நிற்காமல், ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். பாட்டை உரக்க ஒலிக்கவிட்டு, ஹாரனே கேட்காமல் ஓட்டும் டிராக்டர் ஓட்டுநருக்கு அவர் கத்துவதும் கேட்காது.

டிராக்டரை முந்திச் செல்பவருக்கும் கடமை உண்டு. 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 8 மீட்டர் நீள டிராக்டரையும் பெட்டியையும் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார், முன்னும் பின்னும் பாதுகாப்பான இடைவெளி விட்டுக் கடக்க ஏறத்தாழ 4 நொடிகள் ஆகும். அதற்குள் காரும், அதே வேகத்தில் எதிரே வரும் வண்டியும் ஆளுக்குச் சுமார் 55 மீட்டர் நெருங்கிவிடும். ஆகவே 150 மீட்டராவது தெளிவாகத் தெரியாத இடத்தில் முந்துவது சூதாட்டமே. பின்னால் வண்டிகள் வரிசைகட்டினால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுவது டிராக்டர் ஓட்டுநரின் பண்பு. ஆனால், வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு முந்தச் சொல்லும் பழக்கம், வலப்புறம் திரும்பும் அறிகுறியாகவும் புரிந்துகொள்ளப்படும் என்பதால் கைவிடத்தக்கது. பழுதாகி நிற்கும் பெட்டிக்கு முட்டுக்கொடுத்த கற்களை நடுச்சாலையிலேயே விட்டுப் போவதும், மஞ்சுவிரட்டுக்கும் திருவிழாவுக்கும் ஆட்களைப் பெட்டியிலும் மட்கார்டிலும் ஏற்றிச் செல்வதும் அவ்வாறே கைவிடத்தக்கவை.

இவற்றில் பெரும்பாலானவை ஓட்டுநரின் கையில் உள்ளவை. பிரேக் மட்டும் வாங்குபவரின் கையில் உள்ளது. பெட்டி செய்யச் சொல்லும்போது எத்தனை மூட்டை ஏறும் என்று கேட்கும் விவசாயிகள், அத்தனை மூட்டையோடு கலுங்கு இறக்கத்தில் அது நிற்குமா என்றும் கேட்டு, பிரேக் வைத்த பெட்டிக்குக் கூடுதலாகச் செலவிட முன்வந்தால், பட்டறைக்காரர்களும் அதையே வழக்கமாகச் செய்து கொடுக்கத் தொடங்குவர்.