பனியன் தையலில் அலை ஏன் வருது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓடும் ஓவர்லாக் மெஷினில் துணியை நகர்த்துவது ஊசி இல்லை, தட்டுக்கு அடியில் இருக்கும் பல்லு. அதுவும் இரண்டு துண்டு: ஊசிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டையும் வேறு வேறு தூரம் நகர வைக்கலாம். டிஃபரன்ஷியல் ஃபீட் என்பது இதுதான்.

எதுக்கு இந்த வம்பு? பின்னல் துணி முழுக்கக் கண்ணி, இழுத்தா நீளும். மேலே பாதம் அழுத்த, கீழே பல்லு இழுக்க, நீண்ட நிலையிலேயே தையல் விழுந்துடும். அப்புறம் விளிம்பு அப்பளம் மாதிரி நெளியும்.

பின் பல்லு ஒரு தையலுக்கு 2.5 மி.மீ. நகருது, விகிதம் 1.5 என்றால் முன் பல்லு 3.75 மி.மீ. தள்ளிக் கொடுக்கும். அந்த உபரி, நீட்சியை ஈடுகட்டும். (நம்ம பாஷையில், வெளியே போறதைவிட உள்ளே வர்றது அதிகம்.) ரொம்பக் கூட்டினா சுருக்கம் விழும். மெல்லிய, சுருங்குற துணிக்கு 1க்குக் கீழே இறக்கணும்.

எண்ணை நம்புவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. முதலில் பாத அழுத்தத்தைத் தளர்த்துங்க. சில சமயம் அதிலேயே சரியாயிடும். பிறகு அதே லாட் துணியில் அகலவாக்கில் 20 செ.மீ. வெட்டித் தைங்க. 21 வந்தா விகிதத்தைக் கூட்டணும், 19 வந்தா குறைக்கணும்.

அயர்ன் மேசையில் ஆவி காட்டினால் அலை அடங்கின மாதிரி இருக்கும். துவைச்சா திரும்பிடும். பழி பீஸ் ரேட்டில் தைத்த டைலர் தலையில் விழும். ஜெர்சி முடிஞ்சு ரிப் லாட் வந்தப்போ, லீவரைத் தொடாமல் லைனை ஓட விட்டது யார்னு முதலில் கேக்கணும்.