ரயில் ஓடாத ஊரிலிருந்து விமானம் ஏறும் சனம்!

பெரம்பலூர், அரியலூருக்குச் சோறு போடும் திருச்சி விமான நிலையம்

பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் அரியலூருக்கோ திருச்சிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். ஆனால், ரயிலில் கால் வைக்காதவர்கள்கூட அந்தப் பக்கத்தில் விமானம் ஏறியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும்!

லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் போய்க் கேட்டால் தெரியும். "தம்பி எங்கே?" என்றால் ஒரு வீட்டில் சிங்கப்பூர் என்பார்கள். அடுத்த வீட்டில் துபாய். அதற்கடுத்த வீட்டில் சவூதி. அரியலூர்ப் பக்கம் செந்துறை, ஜெயங்கொண்டம் கிராமங்களிலும் இதே கதைதான்.

இவர்களுக்கெல்லாம் பக்கத்து வாசல் ஒன்றுதான். திருச்சி-புதுக்கோட்டை சாலையில், செம்பட்டு அருகே இருக்கும் விமான நிலையம்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் விமான நிலையம் இல்லை. பெரம்பலூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோ மீட்டர் வர வேண்டும். அரியலூர்க்காரருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். 1995 வரை இரண்டு ஊர்களும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. பிறகு மாவட்டம் பிரிந்தது. ஆனால் விமான நிலையம் பிரியவில்லை!

தபால் மூட்டையில் ஆரம்பம்

வெள்ளைக்காரன் காலத்தில் இது ஆட்களுக்காக வந்த நிலையம் அல்ல. கடுதாசிக்காக வந்தது.

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு சிறிய விமானம் ஒன்றை ஓட்டி வந்தார் ஜே.ஆர்.டி. டாட்டா. அந்தத் தபால் பம்பாயிலிருந்து சென்னைக்கும் பறந்தது. 1938-ல் அதே சர்வீஸ் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீண்டது. இலங்கைக்குப் போகிற வழியில் இறங்கி ஏற வசதியான இடம் திருச்சி என்று அன்றைக்கே கண்டுகொண்டார்கள்.

அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்தது. பட்டாள விமானங்கள் இறங்கின. போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது. 1953-ல் விமானக் கம்பெனிகள் அரசுடைமையாயின. இந்தியன் ஏர்லைன்ஸ் வந்தது. ஆனாலும் பெரம்பலூர் விவசாயிக்கு விமானம் என்பது வயலில் நின்று அண்ணாந்து பார்க்கிற சங்கதியாகவே இருந்தது.

கப்பல் நின்றது, விமானம் வந்தது

அந்தக் காலத்தில் அக்கரைச் சீமைக்குப் போனவர்கள் கப்பலில் போனார்கள். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் பிடிக்கும். ரஜூலாவுக்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1980-களில் அதுவும் நின்று போனது. கப்பல் ஏறிய கதை தாத்தாக்களோடு போயிற்று.

இதற்கிடையில் வளைகுடா நாடுகளில் எண்ணெய்ப் பணம் கொட்டியது. கொத்தனார், தச்சர், டிரைவர், சமையல்காரர் எல்லாம் வேண்டும் என்றார்கள். பெரம்பலூர் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, சோளம். பெய்யாவிட்டால் கடன். நகையை அடகு வைத்துப் புறப்பட்டார்கள். ஆனால் விமானம் ஏறப் பம்பாய்க்கோ சென்னைக்கோ ஓட வேண்டியிருந்தது. ஊர் பேர் தெரியாத லாட்ஜில் ஏஜெண்டுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர்!

அந்த அலைச்சலுக்கு முடிவு கட்டியது திருச்சிதான். கொழும்பு விமானம் முன்பே இருந்தது. 2005-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற குறைந்த கட்டணக் கம்பெனி பிறந்தது. அதன் விமானங்கள் திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறக்கத் தொடங்கின. 2008 டிசம்பரில் மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவுக்கு முதன்முதலாக விமானம் விட்டது. எந்த ஊருக்குத் தெரியுமா? சென்னைக்கு அல்ல, டெல்லிக்கு அல்ல. திருச்சிக்கு!

2009-ல் புதிய கட்டடம் வந்தது. 2012 அக்டோபரில் சர்வதேச விமான நிலையம் என்ற பட்டமும் கிடைத்தது. இங்கே ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான ஊர்களில் உள்நாட்டுப் பயணிகள் கூட்டம்தான் அதிகம். திருச்சியிலோ பல ஆண்டுகளாக வெளிநாட்டுப் பயணிகள் கூட்டமே அதிகம். அதிலும் கோட்டு சூட்டுக்காரர்கள் கொஞ்சம்தான். அட்டைப்பெட்டியில் கயிறு கட்டி, அதன்மேல் பெயரை எழுதிக்கொண்டு வருகிற உழைப்பாளிகளே பெரும்பாலோர்.

கடாரம் கொண்ட மண்

அரியலூர் மாவட்டத்துக்காரர் மலேசியா போவது புதுசும் அல்ல. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து ஆண்ட ராஜேந்திர சோழன் 1025-ல் கப்பற்படை அனுப்பி வென்ற கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு அதே மண்ணின் பிள்ளைகள் அதே திசைக்குப் போகிறார்கள். அன்று வாளோடு போனார்கள். இன்று ஒர்க் பெர்மிட்டோடு போகிறார்கள். நாலு மணி நேரப் பயணம்!

விமானம் இறங்கினால் இங்கே எத்தனை அடுப்பு எரிகிறது என்று பாருங்கள். சுமோவும் இன்னோவாவும் வைத்திருக்கும் டாக்சிக்காரர், ராத்திரி ரெண்டு மணிக்கும் டீ ஆற்றும் கடைக்காரர், டிக்கெட் போடும் டிராவல்ஸ்காரர், பெரம்பலூர்க் கடைவீதி நகைக்கடை, ஜவுளிக்கடை, சிமெண்ட் கடை. அரியலூரில் அரைக்கிற சிமெண்டில் கொஞ்சமாவது சிங்கப்பூர்க் காசில் கட்டுகிற வீடுகளுக்குத்தானே போகிறது! விமானத்தின் அடிவயிற்றில் காய்கறி, பழம், பூ எல்லாம் வெளிநாட்டுக்குப் போவது தனிக் கணக்கு.

கண்ணீரும் உண்டு

எல்லாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. சிலர் பெட்டியில் வருகிறார்கள். சரக்கு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் இறந்தவர் உடலை விமான நிலையத்திலிருந்து சொந்த ஊருக்குக் கொண்டுபோகத் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை இலவசமாக வண்டி தருகிறது. இது தெரியாமல் கடன் வாங்கி வண்டி பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதைபதைப்பும் உண்டு. 2018 அக்டோபர் 12 நள்ளிரவுக்குப் பின் 136 பேரோடு துபாய் கிளம்பிய விமானம் ஓடுபாதைக் கோடியில் இருந்த சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலே போனது! அரபிக்கடல் வரை போய்விட்டு மும்பையில் இறக்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2024 அக்டோபர் 11 மாலை ஷார்ஜா விமானம் கோளாறாகி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்திலேயே வட்டமடித்தது. பயணிகள் 141 பேர். கீழே சொந்தபந்தங்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். பத்திரமாக இறங்கியது.

'குருவி'களால் வருகிற வம்பு வேறு. "இந்தச் சின்னப் பொட்டலத்தை ஊர்ல குடுத்துடுங்கண்ணே" என்று யாராவது நீட்டினால் வாங்கவே கூடாது. உள்ளே தங்கம் இருந்தால் கம்பி எண்ணப் போவது வாங்கி வந்தவர்தான். அதேபோல, டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறேன், அங்கே போனதும் வேலை என்று சொல்லும் ஏஜெண்டை நம்பக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஏஜெண்டு வாங்கலாம் என்று மத்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு ரூ.30 ஆயிரமும் வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும்.

கட்டடம் பெரிசு, சீட்டு எங்கே?

2024 ஜனவரி 2-ந் தேதி பிரதமர் நரேந்திர மோடி புதிய முனையத்தைத் திறந்து வைத்தார். ஜூன் 11 முதல் பயணிகள் அதில் போய்வருகிறார்கள். செலவு ரூ.1,100 கோடிக்கு மேல். ஸ்ரீரங்கம் கோபுரம் போல அலங்காரம், சுவரெல்லாம் வண்ணச் சித்திரம். வருஷத்துக்கு 44 லட்சம் பேர் வந்து போகலாம்.

ஆனால் பெரம்பலூர்க்காரர் கேட்பது கோபுரம் அல்ல, சீட்டு!

சிங்கப்பூர், மலேசியா போன்ற தென்கிழக்காசிய நாட்டு விமானங்கள் சுலபமாக வந்து போகத் திருச்சி உட்பட 18 ஊர்களுக்கு மத்திய அரசு கதவு திறந்திருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் போட்டி உண்டு. வளைகுடாக் கம்பெனிகள் கதை வேறு. நாட்டுக்கு நாடு போடுகிற விமான ஒப்பந்தத்தில் அவை இறங்கலாம் என்ற ஊர்ப் பட்டியலில் திருச்சி இல்லை. கேரளத்தின் கண்ணூருக்கும் இதே குறைதான். இந்தியக் கம்பெனிகள் எங்கிருந்து வேண்டுமானாலும் விடலாமே என்கிறது டெல்லி. வெளிநாட்டுக் கம்பெனிகளை உள்ளே விட்டால் நம் கம்பெனிகளின் பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அதற்கு.

அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவர் யார்? பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் ஊர் வர நினைக்கும் தொழிலாளிதான். சீட்டு குறைந்தால் கட்டணம் எகிறும். இல்லையென்றால் கொழும்பிலோ சென்னையிலோ கொச்சியிலோ இறங்கி, மாறி மாறி வர வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவில் ஒரு நாள் வழியிலேயே போய்விடும்.

ஓடுபாதையின் நீளம் 8,136 அடி. நிறைந்த பாரத்தோடு பெரிய ரக விமானம் கிளம்ப இது போதாது. அதை நீட்ட நிலம் எடுக்கிற வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இறங்குகிற காலம் வருமா?

இப்போது வேறு விதமான ஆட்களும் இந்த நிலையத்தில் இறங்குகிறார்கள். பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை வந்தது. எறையூரில் 2023 நவம்பரில் காலணித் தொழிற்சாலை திறந்தது. ஜெயங்கொண்டத்தில் தைவான் கம்பெனியின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். வெளிநாட்டு முதலாளி காலையில் இறங்கி, ஆலையைப் பார்த்துவிட்டு, ராத்திரியே திரும்ப ஒரு விமான நிலையம் எட்டுகிற தூரத்தில் இருப்பது லேசான விஷயமா?

வேலை தேடிப் போகிறவர் ஏறிய அதே இடத்தில், வேலை கொடுக்க வருகிறவர் இறங்க ஆரம்பித்திருக்கிறார். ஏறுகிற கூட்டம் குறைந்து இறங்குகிற கூட்டம் கூடினால், அன்றுதான் இந்த நிலையம் இரண்டு மாவட்டங்களுக்கும் பட்ட கடனைத் தீர்த்ததாகும்.

அதுவரை என்ன? நடுராத்திரி. பெரம்பலூர்ப் பக்கமிருந்து டி.வி.எஸ். டோல்கேட் தாண்டி ஒரு வேன் வரும். உள்ளே ஒருத்தர் மட்டும் புதுச் சட்டை போட்டிருப்பார். வழியனுப்ப வந்தவர்கள் பத்துப் பேர். வாசலில் குழந்தை அப்பாவின் விரலை விடாது.

வானம் பார்த்த பூமி அல்லவா! அன்று மழைக்காகப் பார்த்தார்கள். இன்று விமானத்துக்காகப் பார்க்கிறார்கள்.