மூளையின் மின்னலைகளும் கையடக்கக் கருவியும்

மூளையைப் படம்பிடித்தல் என்றவுடன் பெரிய மருத்துவமனையின் குளிரூட்டிய அறையும், நோயாளியை உள்வாங்கும் காந்தக் குழாயும் நம் நினைவிற்கு வருகின்றன. அந்த எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரும்பாலும் மூளையின் அமைப்பைக் காட்டுவதாகும். மூளை இயங்கும் விதத்தைக் கவனிக்க வேறொரு முறை உண்டு. தலையின் தோல்மீது மின்வாய்களைப் பொருத்தி, நரம்பணுக்கள் எழுப்பும் மின்னலைகளைப் பதிவு செய்வர். மருத்துவர் இதனை இ.இ.ஜி. என்பர். இம்முறை இந்நாளில் ஒரு தலையணிக்குள்ளும் திறன்பேசிக்குள்ளும் அடங்கிவிட்டது. அக்கருவி கூறும் சான்று எத்தகையது என்பதைத் திருப்பணியாளராகிய நாம் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், வலிப்பு நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் மருத்துவரிடம் செல்லுமுன் பலவேளைகளில் நம்மிடமே வருகின்றனர்.

ஜெர்மனியின் ஜீனா நகரில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் அதனை வெளியிட்டார். அவரை இம்முயற்சிக்குத் தூண்டிய நிகழ்ச்சி விந்தையானது. இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையினின்று வீழ்ந்து, நூலிழையில் உயிர் தப்பினார். அன்றே அவர் நலம் விசாரித்துத் தந்தையாரிடமிருந்து தந்தி வந்தது. தொலைவில் இருந்த சகோதரியின் உள்ளத்தில் இனந்தெரியாத அச்சம் எழுந்ததே அதற்குக் காரணமாம். உள்ளத்தினின்று உள்ளத்திற்குப் பாயும் ஆற்றலொன்று உண்டோ என்று தேடப் புறப்பட்டவர் கண்டதோ, கண்மூடி ஓய்ந்திருப்பவர் மூளையில் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்து தாழும் ஓர் அலை. எண்ணம் ஒன்றும் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. மனத்தை 'வாசிக்கும்' கருவி எனச் சில விற்பனையாளர் இன்று விளம்பரம் செய்கையில் இவ்வரலாறு நினைவில் இருத்தற்குரியது.

தலையோட்டைக் கடந்து தோலை அடையும் மின்னழுத்தம் வழக்கமாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவே. டார்ச் விளக்கின் ஒரு பாட்டரி தரும் 1.5 வோல்ட்டில் 100 மைக்ரோவோல்ட் என்பது 15,000இல் ஒரு பங்கு. கண் இமைத்தாலும் பல்லைக் கடித்தாலும் இதனிலும் பெரிய அலைகள் எழுந்து பதிவைக் குழப்பும். மேலும், தனியொரு நரம்பணுவின் இயக்கம் வெளியே தெரியாது. எண்ணற்றவை ஒருங்கே இயங்கினால்தான் தெரியும். மதிலுக்கு வெளியே நிற்பவன் உள்ளே திருவிழாக் கூட்டம் ஆர்ப்பரிப்பதை அறிவான். கூட்டத்தில் ஒருவன் தன் அயலானிடம் என்ன சொன்னான் என்பதை அறியான். இ.இ.ஜி.யின் நிலையும் இதுவே.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2011ஆம் ஆண்டளவில், கணினி விளையாட்டு முதலியவற்றிற்கென விற்கப்பட்ட 'எமோட்டிவ் எபாக்' என்னும் தலையணியை நோக்கியா என்900 தொலைபேசியுடன் கம்பியின்றி இணைத்தனர். அதில் 14 மின்வாய்கள். அவற்றின் முனையில் உப்புநீரில் நனைத்த திண்டுகள். நொடிக்கு 128 அளவுகள். அவ்வளவுகளைத் தொலைபேசியே கணக்கிட்டு, இயங்கும் பகுதிகள் வண்ணத்தில் ஒளிர, மூளையின் முப்பரிமாணப் படத்தை அப்போதைக்கப்போதே தன் திரையில் வரைந்தது. ஆயினும் அது நிழற்படம் அன்று, ஊகத்தால் வரைந்த படம். புறத்தே அளந்த மின்னழுத்தத்தைக் கொண்டு அகத்தே அதன் பிறப்பிடத்தை ஐயமற வரையறுக்க இயலாது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். படம் அழகாயிருப்பதனாலேயே காண்போர் அதனை எளிதில் நம்பிவிடுவர். எம் கருத்தில் இக்கருவியின் பெரிய இடர் இதுதான்.

இன்னோர் இடரும் உண்டு. பதிவுகள் யாருக்கு உரியவை? சிலி நாடு மூளையின் இயக்கத்தையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்கும்பொருட்டு 2021இல் தன் அரசமைப்பைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அதே எமோட்டிவ் நிறுவனத்தின் மற்றொரு தலையணியைப் பயன்படுத்திய ஒருவரின் மூளைப் பதிவுகளை அழித்துவிடுமாறு ஆணையிட்டது.

எனினும் இக்கருவியின் உண்மையான தேவை வேறிடத்தில் இருக்கிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டென்றும், அவர்களில் 80 விழுக்காட்டினர் வருவாய் குறைந்த, இடைநிலை வருவாயுள்ள நாடுகளில் வாழ்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முறையாக நோயறிந்து மருந்து கொடுத்தால் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பின்றி வாழக்கூடும். நோயறிவார்தாம் இல்லை. பூட்டானின் திம்பு நகரில், டென்மார்க் ஆய்வாளரின் முறையைத் தழுவிய 14 மின்வாய்க் கருவியை வழக்கமான இ.இ.ஜி.யுடன் ஒப்பிட்டு 205 பேரிடம் சோதித்தனர். முடிவுகள் 2017இல் வெளிவந்தன. வழக்கமான கருவி வலிப்பிற்குரிய அலைகளைக் கண்டவர்களுள் 39 விழுக்காட்டினரிடமே சிறு கருவியும் அவற்றைக் கண்டது. அது காணாதவர்களுள் 95 விழுக்காட்டினரிடம் சிறு கருவியும் காணவில்லை.

இவ்விரு எண்களையும் பொறுமையுடன் நோக்குதல் வேண்டும். 'உண்டு' என்று இக்கருவி கூறினால், அச்சொல் எடைமிக்கது. மேற்கொண்டு ஆராயாமல் விடலாகாது. 'இல்லை' என்றாலோ, அது யாரையும் விடுவிக்காது. பத்துப் பேரில் ஆறு பேரை அது தவறவிடுகிறது. வழக்கமான இ.இ.ஜி.கூட வலிப்பற்ற வேளையில் எடுக்கப்பட்டால் நோயாளி பலரிடம் ஒன்றும் காட்டுவதில்லை. இதனை அறியாத குடும்பத்தார் 'மூளையில் ஒன்றுமில்லை' என்னும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுவர். மூளையில் ஒன்றுமில்லையெனில் வேறென்ன என்ற கேள்வி எழும். விடை ஆவியின் செயல் என்று வரும். தேடி வருமிடம் நம் இல்லமாயிருக்கும். மத்தேயு 17:15இல் நம் தமிழ் வேதாகமம் வழங்கும் 'சந்திரரோகி' என்னும் சொல், நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த வினையின் நேர்ப்பெயர்ப்பு. நோய்க்குப் பெயரிட்டவர் வானத்தை நோக்கிப் பெயரிட்டனர், பெயரே காரணமாகிவிடாது.

அந்நிலையில் நாம் அவர்களுடன் ஜெபிப்போம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கில்லை. வலிப்பு நோயைத் தீர்மானிப்பது முதன்மையாக நிகழ்ச்சியின் வரலாறு: உடலின் எப்பக்கம் முதலில் இழுத்தது, கண் எங்குத் திரும்பியது, எத்தனை நிமிடம் நீடித்தது, பின்னர் எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார் என்பன. மருத்துவர் இதனைக் காண்பது அரிது, அருகிருப்போர் காண்பர். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்தபின், குடும்பத்தார் இசைவுடன் அக்காட்சியைத் திறன்பேசியிலேயே பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். இதற்குத் தலையணியும் வேண்டியதில்லை.