பல்லைப் பிடுங்குவது மட்டும்தான் ஏழைகளுக்கான வைத்தியமா?

'பல்லு போனா சொல்லு போச்சு' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஆனாலும், காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் ஓடும் நாம், பல்வலி என்றால் கிராம்பைக் கடித்துக்கொண்டு நாள்களைக் கடத்துகிறோம். காரணம் அலட்சியம் மட்டுமல்ல, பணமும்தான். ரூட் கெனால் செய்து கேப் போட ஆயிரக்கணக்கில் செலவாகும். பிடுங்கினால் அதில் ஒரு பங்குதான். அதனால், காப்பாற்றக்கூடிய பல்லைக்கூட பல குடும்பங்கள் பறிகொடுக்கின்றன.

உலகம் முழுக்க சுமார் 350 கோடிப் பேருக்கு வாய், பல் நோய்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. இவர்களில் நான்கில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில் வசிப்பவர்கள்.

பிரேசில் என்ன செய்தது?

மருத்துவம் மக்களின் உரிமை என்று 1988-லேயே அரசியலமைப்பில் எழுதிவைத்த நாடு பிரேசில். ஆனால், அதற்குப் பத்து வருடங்கள் கழித்து எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், கிட்டத்தட்ட 3 கோடிப் பேர் ஒருமுறைகூட பல் டாக்டரைப் பார்த்ததில்லை எனத் தெரியவந்தது. சட்டத்தில் உரிமை இருந்தது. பக்கத்தில் டாக்டர் இல்லை.

2000-ம் ஆண்டு, குடும்ப நலக் குழுக்களோடு பல் மருத்துவக் குழுக்களையும் சேர்த்தது அந்நாட்டு அரசு. 2004-ல் அதிபர் லூலா ஆட்சியில் 'புன்னகைக்கும் பிரேசில்' என்று பொருள்படும் திட்டம் வந்தது. உள்ளூர் சுகாதார நிலையத்தில் பரிசோதனை, பல் அடைத்தல். ரூட் கெனால், ஈறு சிகிச்சை, வாய்ப்புற்றுநோய் கண்டறிதலுக்குத் தனிச் சிறப்பு மையங்கள். பல்செட் செய்ய லேப்கள். எல்லாமே இலவசம். ஆட்சி மாறினாலும் திட்டம் நிற்கக் கூடாது என்று 2023-ல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

நம் ஊரில்..?

மத்திய அரசின் தேசிய வாய் நலத் திட்டம் 2014-ல் தொடங்கியது. 30 வயதைக் கடந்தவர்களுக்கு, அரசின் தொற்றாநோய் பரிசோதனையில் வாய்ப்புற்றுநோய் சோதனையும் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, 60 வயது கடந்தவர்களுக்கு 'மந்தஹாசம்' என்ற பெயரில் இலவசமாகப் பல்செட் கொடுக்கிறது கேரளா. தமிழகத்தில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

சிக்கல், தூரம்தான். ரூட் கெனாலை எல்லா நேரமும் ஒரே நாளில் முடிக்க முடியாது. தினக்கூலிக்குப் போகிறவர் மூன்று முறை பஸ் ஏறி வந்தால், மூன்று நாள் கூலி போய்விடும். சிகிச்சை இலவசமாக இருந்தும், 'பிடுங்கிடுங்க டாக்டர்' என்று அவர் சொல்வது இதனால்தான்.

2030-க்குள் 80 சதவிகித மக்களுக்கு அடிப்படை பல் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. கட்டடமும் நாற்காலியும் மட்டும் போதாது. டாக்டர், எக்ஸ்ரே, பல் அடைக்கும் மருந்து என எல்லாமே மக்கள் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, 'பல் டாக்டர் என்னைக்கு வருவாங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வலி வருவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். 'வருவதே இல்லை' என்று பதில் வந்தால், கிராம சபையில் அதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். ரோடும் தண்ணீரும் போல, பல்லும் கேட்டுப் பெற வேண்டிய விஷயம்தான்!